பதினைந்து பிள்ளைகள் பெற்ற தாயின் பாட்டுப் புத்தகம்

1996ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரதர்ட்டன் நூலகம் என்றொரு பெரிய நூலகம் இருக்கிறது. அங்குள்ள பழைய கையெழுத்துப் பிரதிகளில் என்னென்ன செய்யுள்கள் இருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து அட்டவணை போடும் வேலை நடந்து கொண்டிருந்தது. அட்டவணை போடுவது எவ்வளவு வறட்டு வேலை என்பது, நம் சங்க நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது புத்தகங்களுக்கு எண் ஒட்டிய அன்பர்களுக்குத் தெரியும். அந்த வேலையில் இருந்த மார்க் ராப்ஸன் என்ற ஆய்வாளரின் கையில் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 120 பாடல்கள். கூடவே முடிவு பெறாத ஒரு உரைநடைக் கதை. எழுதியவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி. பெயர் ஹெஸ்டர் புல்ட்டர். அப்படி ஒரு கவிஞர் இருந்தார் என்பதே இலக்கிய உலகத்துக்குத் தெரியாமல் இருந்தது.

அவர் இறந்தது 1678இல். ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாடல்கள் தாளுக்குள்ளேயே இருந்திருக்கின்றன.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் எங்கள் பெரியம்மாவின் நீள நோட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஹெஸ்டர் அம்மையாரைப் பார்த்து விடுவோம்.

அவர் 1605இல் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் லே பெரிய நீதிபதி. பின்னர் அரசரின் கருவூலத்துக்கே தலைவராகி, மார்ல்பரோ பிரபு என்ற பட்டமும் பெற்றவர். மகாகவி மில்டன் ஒரு சிறு பாடலில் இந்தத் தந்தையைப் போற்றி, அதை மார்கரெட் என்ற மகளுக்கு உரைப்பதாக எழுதியிருக்கிறார். அந்த மார்கரெட் நம் ஹெஸ்டரின் உடன்பிறந்தவர். மில்டனின் பாட்டில் இடம் பெற்ற சகோதரியைப் பற்றி அறிஞர்கள் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார்கள். நூறு பாட்டுக்கு மேல் எழுதிய சகோதரி கணக்கிலேயே வரவில்லை!

ஹெஸ்டர் இளம் வயதிலேயே ஆர்தர் புல்ட்டர் என்பவரை மணந்து, லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபர்ட்ஷயர் பகுதியிலுள்ள பிராட்ஃபீல்ட் என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கணவருக்கு நிலபுலன் உண்டு, பதவிகளும் வகித்தவர். 1642இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் பொது வாழ்வை விட்டு ஒதுங்கி வீட்டோடு இருந்துவிட்டார். மனைவியோ உள்ளத்தில் முழுக்க முழுக்க அரசர் பக்கம். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டபோது அவர் பாடிய இரங்கற் பாடல்கள் இந்தப் பிரதியில் இருக்கின்றன. அதற்கு முந்திய ஆண்டு கோல்செஸ்டரில் சுட்டுக் கொல்லப்பட்ட லூக்கஸ், லைல் என்ற இரு தளபதிகளுக்கும் இரங்கற்பா உண்டு. மில்டனோ மன்னரைத் தண்டித்தது சரியே என்று வாதாடியவர். அக்கா தங்கை வீட்டுக்குள்ளேயே இரண்டு அரசியல் உலாவியிருக்கும் போலும். நம் வீடுகளில் தேர்தல் நேரத்தில் நடப்பதுதானே.

ஆனால் அரசனுக்கு அழுத பாட்டுகளைக் காட்டிலும் மகளுக்கு அழுத பாட்டுகளே நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன.

ஹெஸ்டர் பெற்ற பிள்ளைகள் 15 பேர். அவர்களில் பெரும்பாலோர் தாய்க்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தானே என்று சொல்பவர்கள் உண்டு. வழக்கம் என்பதால் வலி குறையுமா என்பதற்கு இந்தப் பிரதியே சாட்சி. ஜேன் என்ற மகள் 20 வயதில், உடம்பெல்லாம் செம்புள்ளிகள் கண்ட ஒரு காய்ச்சலில் இறந்து போகிறாள். இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அதன் பிறகுதான் தாய் எழுதுகிறாள். உடனே எழுத முடியவில்லை போலும்.

அந்தப் பாடல், பிள்ளை பெற்று வளர்த்து ஆளாக்கிப் பார்த்த பெற்றோர்களை நோக்கிப் பேசத் தொடங்குகிறது. எனக்காக ஒரு துளிக் கண்ணீர் கடன் கொடுங்கள், உங்களுக்கு நேர்ந்தால் நானும் திருப்பித் தருவேன் என்கிற பொருளில் கேட்கிறாள். நம் ஊரில் மொய்க்கு மொய் செய்வது போல! இழவு வீட்டுக்கு இழவு வீடு கண்ணீர்க் கணக்கு வைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ளதுதான் என்று தோன்றியது.

பின்னர் மகளின் மேனியில் கண்ட புள்ளிகளைப் பற்றிச் சொல்கிறாள். அந்த இடம் படிப்பவரை உலுக்கி விடும். முதலில் ஒரு மென்மையான உவமை. பெண்கள் வட்டமாக அமர்ந்து பூச்செண்டு கட்டும்போது வெள்ளை அல்லி இதழ்மேல் சிவந்த ரோஜா இதழ் சிந்தினாற்போல அந்தப் புள்ளிகள் இருந்தனவாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய்க்கு அந்த அழகு பொறுக்கவில்லை. உடனே வேறொரு உவமைக்குத் தாவுகிறாள். வேட்டை நாய்கள் துரத்த, மார்பில் தைத்த அம்போடு, கண்ணில் நீரோடு, யார் காலும் படாத பனியின் மேல் ஒரு மான் ஓடுகிறது. அதன் இரத்தம் சொட்டுச் சொட்டாக வெண்பனியில் விழுகிறது. அதுதான் என் மகளின் மேனியில் நான் கண்டது என்கிறாள். பூவில் தொடங்கி இரத்தத்தில் முடித்துவிட்டாள். அலங்காரம் தெரிந்த புலவர் முதல் உவமையோடு நின்றிருப்பார். பெற்றவளால் அப்படி நிற்க முடியவில்லை.

கடைசியில், நடுங்கும் கையால் மகளின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு கட்டிலருகே நின்ற அந்த நேரத்தைச் சொல்கிறாள். மகளின் உயிர் விண்ணுலகம் சேர்ந்துவிட்டது. அதில் அவளுக்கு ஐயம் எதுவும் இல்லை, நல்ல கிறிஸ்தவள். ஆனால் மகள் மண்ணாகும்போது தான் நையோபி ஆகிவிட்டதாக முடிக்கிறாள். நையோபி என்பவள் கிரேக்கப் புராணத்தில் வரும் அரசி. பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்து, அழுது அழுது கல்லாகிப் போனவள். பக்திப் பாடல் எழுதும் பெண்மணி, பாட்டை முடிக்கும் இடத்தில் வேதத்தைத் தேடவில்லை. கல்லாய்ப் போனவளைத் தேடுகிறாள்.

அதே மகளைப் பற்றி இன்னொரு பாடலும் உண்டு. அதில் துக்கம் விசாரிக்க வருபவர்களைத் தடுக்கிறாள். அவளுடைய கூந்தல் எப்படி, கண் எப்படி, நிறம் எப்படி என்றெல்லாம் வந்து வந்து என்னிடம் புகழ வேண்டாம், நீங்கள் சொல்லச் சொல்ல என் துயரம் ஏறுகிறது என்று மன்றாடுகிறாள். சாவு வீட்டில் வரிசையாக வந்து உட்கார்ந்து, “என்ன அழகு, என்ன சமர்த்து” என்று நாம் ஆறுதல் சொல்லும்போது எதிரே இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

1648இல் ஜான் என்ற மகனைப் பெற்றெடுக்கிறார். அது 15ஆவது பிரசவம். பத்துப் பகல், பத்து இரவு தலையணையிலிருந்து தலையை அசைக்கவும் வலுவில்லாமல் கிடந்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். அந்தப் படுக்கையில் எழுதிய பாட்டில் என்ன வருகிறது தெரியுமா? உடல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, உள்ளம் மட்டும் ஆகாயத்தில் கிளம்பிவிடுகிறது! நிலவைக் கடக்கிறது, வெள்ளியைப் பார்க்கிறது, வியாழனைச் சுற்றும் துணைக்கோள்களைப் பார்க்கிறது. அந்தத் துணைக்கோள்களை கலீலியோ தொலைநோக்கி வழியே கண்டது 1610இல். பிராட்ஃபீல்ட் கிராமத்து வீட்டுக்குள் இருந்த ஒரு தாய்க்கு அந்தப் புதிய வானியல் தெரிந்திருக்கிறது. பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு இல்லாத காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேறொரு பாடலில், ஏன் என்னை மட்டும் இப்படி ஓரிடத்தில் அடைத்து வைத்திருக்கிறது என்று முறையிடுகிறார். மற்ற உயிர்களெல்லாம் தம் இஷ்டப்படி திரியும்போது தனக்கு மட்டும் ஏன் இந்தச் சிறை என்பது அவர் கேள்வி. மணமாகி வந்த புதிதில், பாஷை தெரியாத ஊரில், ஒற்றை அறைச் சாலில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை தனியாக இருந்த நம் தாய்மார்கள் இதைப் புரிந்துகொள்ளப் பொழிப்புரை எதுவும் வேண்டியதில்லை.

1647இல் தம் பெண்கள் இருவருக்கு எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. பட்டணத்தில் இருக்கும் பெண்களைக் கிராமத்துக்கு வந்துவிடுமாறு அழைக்கிறாள் தாய். அழைக்கிறாளே தவிர, கிராமமும் முன்போல் இல்லை, அரசன் சிறைப்பட்ட நாட்டில் ஆறும் மரமும்கூட வாடிக் கிடக்கின்றன என்றும் சொல்லிவிடுகிறாள். “ஊருக்கு வந்துட்டுப் போ” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் “இங்கே குளத்தில் தண்ணீர் இல்லை, யாரும் இல்லை” என்று எழுதும் கடிதங்கள் நமக்கும் வந்தவைதான்.

பக்திப் பாடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறைவனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்ற வேண்டுதல், நெஞ்சே ஏன் ஐயுறுகிறாய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் தேறுதல், விடியலையும் இருளையும் பிறப்பு இறப்புக்கு ஒப்பிடும் தியானம் என்று பல. உடல் பஞ்சபூதங்களில் கரைந்து மீண்டும் உருக்கொள்ளும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் கணக்கில் பூதங்கள் நான்குதான். 1655ஆம் ஆண்டின் மிக நீண்ட இரவில், அந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு என்னை எடுத்துக்கொள் என்று பாடியிருக்கிறார். பூதங்களிடம் உடலை ஒப்படைப்பது நம் காதுக்குப் பழகிய சங்கதி ஆகையால் இந்தப் பாட்டு நமக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: எல்லாப் பாடல்களும் இந்தத் தரம் இல்லை. பிரதியின் பிற்பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நீதிப் பாடல்கள் இருக்கின்றன. விலங்கு, பறவை, செடி என ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு படிப்பினையை இழுத்துப் பிடித்துக் கட்டுவார். சில சுவையானவை; பல அலுப்புத் தட்டுகின்றன. புராணப் பெயர்களை அடுக்கும் பழக்கமும் உண்டு. ஆங்கில இலக்கியத்தில் இவரைப் பெரும் புலவர் வரிசையில் உட்கார வைக்க நான் வாதாட மாட்டேன். சிறு கவிஞர்தான். ஆனால் தேறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் தேறுதல் சொல்ல வராமல் தடுமாறுகிற அந்த ஏழெட்டுப் பாடல்களில் அவரோடு போட்டி போட எனக்குத் தெரிந்து அதிகம் பேர் இல்லை.

அழுதுகொண்டே இருந்தவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. டேவனன்ட் என்ற நாடக ஆசிரியர் நோயினால் மூக்கை இழந்தவர்; அவருக்கு, போன மூக்கைப் பற்றி ஒரு கேலிப் பாட்டும் எழுதி வைத்திருக்கிறார்! கொஞ்சம் கொடுமையான கேலிதான்.

பிரதியில் தம் பெயரை ஹதாசா என்று குறித்துக்கொள்கிறார். விவிலியத்தில் வரும் எஸ்தர் அரசியின் எபிரேயப் பெயர் அது. ஹெஸ்டர், எஸ்தர் இரண்டும் ஒன்றே. பாடல்களை வேறொருவர் அழகாகப் படி எடுத்துத் தந்திருக்கிறார். ஆனால் அதன்மேல் அம்மையாரின் சொந்தக் கையெழுத்திலும் திருத்தங்கள் இருக்கின்றன. ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல். அச்சுக்குப் போகாத புத்தகத்தில், யார் படிக்கப் போகிறார்கள் என்றே தெரியாத புத்தகத்தில், உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்.

இவர் காலத்தில்தான் நம் குமரகுருபரர் தமிழகத்தை விட்டு வடக்கே போய்க் காசியில் மடம் கண்டார். வெளியூர்த் தமிழர்களாகிய நமக்கு அவரே முன்னோடி. அவர் பாடல்களைக் காக்க மடமும் சீடர்களும் இருந்தார்கள். ஹெஸ்டருக்கு மடமும் இல்லை, சீடரும் இல்லை. பெட்டி ஒன்றுதான் இருந்தது.

நம் மரபில் இரங்கற் பாட்டுக்குக் குறைவே இல்லை. கையறுநிலை என்று துறையே வகுத்துவிட்டோம். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அண்மைக் காலம் வரை ஊர்ப் பெரியவர் மறைந்தால் யாராவது ஒரு வாத்தியார் சரமகவி எழுதி, ஒற்றைத் தாளில் அச்சடித்துப் பதினாறாம் நாள் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் பாருங்கள், மகனைப் பறிகொடுத்த தாய் என்ன செய்தாள்? ஒப்பாரி வைத்தாள். அதில் கவிதை இருந்தது, எழுத்தில் வரவில்லை. பாடை போனதும் பாட்டும் போயிற்று. பிள்ளை வளர்வதைப் பாடப் பிள்ளைத்தமிழ் வைத்திருக்கும் நாம், பிள்ளை போனதைப் பாடிய தாய்மாரின் பாட்டைத் தாளில் ஏற்றியது மிகக் குறைவு.

எங்கள் பெரியம்மா ஏற்றினாள். என் அம்மாவின் மூத்த சகோதரி. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. சயானில் சால் வீடு. அவளுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, ஒன்பது வயதில் டைபாய்டு கண்டு இறந்து போனான். அதன் பிறகு பெரியம்மா மளிகைக் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தாள். மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். “என்ன பெரியம்மா எழுதுறீங்க?” என்று கேட்டால், “முருகனுக்குக் கடுதாசி எழுதுதேன்டே, போ” என்பாள். முருகனுக்குத்தான் பாதி. மீதி அண்ணனுக்கு. அதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் புரட்டிப் பார்த்ததில் நானே தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா காலமாகி, சால் வீட்டைக் காலி செய்தபோது ரத்திக்காரருக்குப் போட பழைய பேப்பரையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டியவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மளிகைக் கணக்கு என்று நினைத்தேனா, அவசரமா, இன்று நினைவில்லை. கட்டினேன், தராசில் வைத்தேன், காசையும் எண்ணி வாங்கினேன். மூன்று மாதம் கழித்து அம்மா, “அக்கா நோட்டு எங்கடா?” என்று கேட்டாள்.

லீட்ஸ் பிரதியை 2014இல் ஆலிஸ் ஈர்ட்லி என்ற ஆய்வாளர் முழு நூலாகப் பதிப்பித்தார். 2018 முதல் லியா நைட், வெண்டி வால் என்ற இரு பேராசிரியைகள் முன்னின்று, மூலப் பிரதியின் படத்தோடும் விளக்கத்தோடும் பாடல்களைக் கணினியில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்திருக்கிறார்கள். நான் படித்ததும் அப்படித்தான். மாதுங்காவில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தாய் மூன்றரை நூற்றாண்டுக்கு முன் அடித்துத் திருத்திய சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், கைவசம் உள்ள இரண்டொரு யோசனைகளைச் சொல்லி வைக்கிறேன். கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆக அதுவே தாளைக் கறையாக்கித் தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. குண்டூசி, கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். பம்பாய் மழையில் துருப்பிடித்துவிடும். செய்தித்தாளில் சுற்றி வைக்காமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரச் சுவரில் படாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்காக எழுதினார் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித் தாளில் குறித்து உள்ளே வையுங்கள். நோட்டைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் கைக்கு அது போகும்போது அந்த ஒரு தாள் உதவும்.

எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தாள். பெரியம்மாவின் கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததை அம்மா போன பிறகு கண்டெடுத்தேன். மேலே அண்ணன் பெயர். கீழே பதினான்கு வரிகள். இங்கேயே பிறந்து ஆங்கிலமும் மராத்தியும் படித்த என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. ஹெஸ்டரின் கதையைச் சொன்ன அன்று, அந்தத் தாளை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். ஏழு வரி சரியாக வந்தது. எட்டாவது வரியில் ஒரு சொல்லைப் பெரியம்மா அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதியிருக்கிறாள். மை மங்கி, இரண்டுமே படிக்க முடியவில்லை. மகள் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, “இது ‘க’வாப்பா, ‘த’வா?” என்று கேட்டாள்.